சுவரைப் பார்த்த வூஃபர்

என்ன தம்பி? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, படம் ஓடுறதுல ஒண்ணும் காதுல விழல. கொறைக்கவா? வேணாம், இருக்கட்டும். ஓடும்போது பாத்தாத்தானே இந்த ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு என்ன கோளாறுன்னு தெரியும். பாத்து, அந்தக் கண்ணாடிக் கதவுல கை வைக்காதீங்க, சுடும். ரிப்பேருக்கு வந்தவருக்கு நான் சொல்லித் தரணுமா என்ன. இருந்தாலும் நேத்து நான் தொட்டு வெரல் செவந்து போச்சு, அதான்.

மேல போட்டிருக்கிறது துண்டு. தூசி படியக்கூடாதுன்னு போட்டேன். ஆமா, மேல இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு. அலமாரிக்குள்ள வேற வெச்சுப் பூட்டியிருக்கேன். புத்தி வேணுமே எனக்கு.

தானா அணைஞ்சு போகுது, அதான் கம்ப்ளைண்ட். காலைல போட்டா மத்தியானத்துக்குள்ள கொதிச்சுப்போயி பொசுக்குன்னு நின்னுடும். அப்புறம் ஆறுற வரைக்கும் உசுரு வராது. டேபிள் ஃபேனை முன்னாடி வெச்சுப் பாத்தேன், கேக்கல. அது நின்னு கெடக்குற நேரம் இருக்கே தம்பி... சரி விடுங்க.

சத்தம் எப்பவும் இந்த அளவுதான். என் வீட்டுக்காரருக்குப் படம்னா உசுரு. ஆபீஸ்லதான் இருக்காரு, ஆமா. பகல்ல நான் பாப்பேன். இதுவா? என்ன படமோ, பேரு மறந்துட்டேன். சண்டைப் படம். எல்லாம் ஒண்ணுதானே, ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் அடி வாங்குவான். நான் பாட்டுக்குக் காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு சமையல்கட்டுல இருப்பேன். சிரிக்காதீங்க.

வூஃபரா? அந்தத் தொம்தொம்னு அதிர்ற பெரிய ஸ்பீக்கர்தானே, அது சுவத்தைப் பாத்துதான் இருக்கும். எடம் இல்ல. சோபாவுக்கு அந்தப் பக்கம் எடம் கெடக்குதுதான், எனக்கும் கண்ணு இருக்கு. சுவத்துக்கு அந்தாண்ட ஒரு ரூம். சும்மா, சாமான் போட்டு வெச்சிருக்கோம்.

எல்லாத்துக்கும் கீழ் வீட்டம்மாதான் காரணம். மாடிப்படில என்னை நிறுத்தி, உங்க வீட்டுல யாரையோ போட்டு அடிக்கிறாப்புல சத்தம் கேக்குதேன்னு கேட்டுட்டா. சுத்தி நாலு பேரு நிக்கிறாங்க. எனக்குக் கூசிப் போச்சு. படம் ஓடுதுங்க, புதுசா ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கோம்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அன்னிக்கு எங்க வீட்டுல ஒரு ரேடியோகூடக் கெடையாது. சொன்ன வாய்க்காக ஓடிப்போய் வாங்கினது இது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. நான் அஞ்சு ஸ்பீக்கரை வெச்சு மூடப் பாத்தேன்.

ஒயரை உருவணுமா? இப்பவேவா? மூடியைத் தெறக்காம மேலாப்புல பாக்க முடியாதா? இல்ல, ஷாக் அடிக்கும், தெரியுது. சரி. உருவுங்க.

...

அந்தக் கத்தலா? அது மேல் வீட்டு டிவி.

அங்க பூட்டுத் தொங்குதா, வீடு தெரியாம மேல ஏறிப் போனப்ப பாத்தீங்களா? அப்ப படத்துல வர்ற குரலாத்தான்... ஆமா. ஒயரு உங்க கையிலதான் இருக்கு.

அந்த ரூமுக்குள்ள இருக்கிறது எங்கப்பாதான், தம்பி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவரு. வீட்டுலகூட பக்கத்துல வந்து மெதுவாத்தான் பேசுவாரு, எங்களை ஒரு நாள் அதட்டினதில்ல. இப்ப நெனைவு தப்பிப் போச்சு. காது மட்டும் போகல, குண்டூசி விழுந்தாக் கேக்கும். ரூமுக்கு வெளிய போட்டிருக்கிற தாழ்ப்பாளைப் பாக்காதீங்க, தெருவுல எறங்கிடறாரு, அதுக்குத்தான். மொதல்ல எல்லாம் சாயங்காலத்துல கொஞ்ச நேரம் சத்தம் போடுவாரு, அவ்வளவுதான். இதை வாங்குனதுக்கப்புறம் நாள் பூராக் கத்தறாரு. அவரு கத்தக் கத்த நான் இதைக் கூட்டுவேன். அப்படிக் கௌரவமா வாழ்ந்த மனுஷனைப் பத்தி நாலு பேரு பேசக்கூடாதுன்னு... இல்ல தம்பி. என்னைப் பத்திப் பேசக்கூடாதுன்னு.

என்ன சொல்லிக் கத்தறாரா? எனக்கென்ன தெரியும். இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? வாய்க்கு வந்தபடி திட்டுவாரா இருக்கும். நெனைவு தப்புனவங்க அப்படித்தானாமே. இருங்க. அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழ வையுங்க.

பாப்பான்னு கூப்பிடறாரு. என்னைத்தான்.

பாப்பா, அந்தச் சத்தத்தைக் கொறம்மா, தலைக்குள்ள இடிக்குதுன்னு சொல்றாரு.

மறுபடியும் அதேதான் சொல்றாரு, கேட்டீங்களா?

இதோ கொறச்சுட்டேம்பா. கொறச்சுட்டேன்.

நீங்கதான் ஒயரை உருவுனீங்கன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி.