பேசாத பூதம்

லஸ் முனையில் டிராம் ஏறினேன். முன் பெஞ்சில் ஒரு நெடிய மனிதர் தன் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஊமைப்படக் காலத்துல பூத வேஷம் கட்டுனது நான்தான் நைனா. யுத்தம் முடிஞ்சு பிலிம் தட்டுப்பாடு தீர்ந்ததும் அதே கதையைப் பேசும்படமா எடுத்துட்டாங்க. இப்ப பூதம் வேற ஆளு.”

“உன்னை இன்னாத்துக்கு உட்டுட்டாங்க?”

“உறுமச் சொன்னாங்க. கொரலு கீச்சுனு கீதாம். புது ஆளுக்கு நடக்கவாச்சும் சொல்லிக்குடுன்னாங்க.”

“குடுத்தியா?”

“குடுத்தேன். காலை இழுத்து இழுத்து நடக்கறதை மட்டும் சொல்லல. மொதலாளி என் பழைய படத்தைப் போட்டுக் காட்டிட்டாரு. பார்த்தே கத்துக்கினான்.”

“படம் எப்டி?”

“நேத்து பொண்டாட்டியோட போனேன். அவன் வந்து நின்னதும் கொட்டாயே அலறுச்சு. அவளும் அலறுனா. என் படத்துக்குச் சிரிச்சவ நைனா அவ!”

டிராம் ராயப்பேட்டைப் பக்கம் திரும்பியது.

“அப்பால என் கையைக் கெட்டியாப் புடிச்சிக்கினா. ‘நீ பக்கத்துல கீறே, எனக்கு இன்னா பயம்’னா. அதைத்தான் என்னால தாங்க முடியல.”