ஏறக்கூடாதவங்க பட்டியல்

இல்ல மேடம், டிக்கெட் கேன்சல் பண்ண வரல. கீழ கவுன்டர்ல கேட்டுட்டுத்தான் வரேன். மூணாவது மாடி, கண்ணாடி ரூம், உள்ள ஒரு மேடம் இருப்பாங்க, கப்பல்ல ஏறக்கூடாதுன்னு தடை போட்டவங்க விஷயமெல்லாம் அவங்ககிட்டத்தான் பேசணும்னு அனுப்பிவிட்டாங்க. உக்காரலாமா? இந்த நாற்காலி ஆடுதே. பரவால்ல, பரவால்ல, ஓரமா உக்காந்துக்கறேன்.

தடை எனக்கில்ல மேடம். என் பேரைத் தட்டிப் பாத்தா ஒண்ணும் வராது. எங்க கடைல வேலை பாக்கற ஒருத்திக்கு. கடைன்னா சலவைக் கடை. தெருமுனைக் கடைன்னு நெனச்சுடாதீங்க. உங்க கப்பல் கரைக்கு வந்தா இறங்கற பெட்ஷீட்டு, தலகாணி உறை, துண்டு, மேஜை விரிப்பு எல்லாம் எங்ககிட்டத்தான் வரும். பதினாலு வருஷமா. துணி ஓரத்துல பச்சை நூல்ல ஒரு சின்ன முடிச்சு இருக்கும், அது எங்க அடையாளம். பாத்ததில்லயா? அது சரி, கப்பல்ல போறவங்க பெட்ஷீட்டு ஓரத்தையா பாக்கப் போறாங்க. நான் எங்க போனாலும் அதைத்தான் முதல்ல பாப்பேன்.

சொந்தமா? இல்ல. நாலு பேர் முன்னாடி சொந்தம் மாதிரின்னு சொல்லுவேன். வேலைக்காரிதான். பேரு அந்த ஃபாரத்துல எழுதியிருக்கேன் பாருங்க. அந்தப் பேரைச் சொல்லி நாங்க யாரும் அவளக் கூப்பிட்டதே இல்ல. மடிப்பக்கா. சட்டையோ பேன்ட்டோ அவ தேச்சு மடிச்சான்னா, அந்த மடிப்பு கலையாம ஊருக்குப் போய்ச் சேரும். அதனால சின்னப் பசங்கள்லேருந்து எங்க வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் மடிப்பக்கா. இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே தேய்க்கறா. இப்ப மணிக்கட்டு ரெண்டும் போச்சு. ஒரு டம்ளரத் தூக்கினாக்கூட நடுங்குது.

விஷயத்துக்கு வரேன், வரேன். வெள்ளிக்கிழமையோட அவ வேலைய விட்டு நிக்கறா. கடைல எல்லாரும் சேந்து அவளுக்குத் தெரியாம ஒரு ஏற்பாடு பண்ணாங்க. உங்க கப்பல்ல மூணு நாள் பயணம். ஏன்னா அவ வாயத் தொறந்தா அதேதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை என்கூட வந்தா. அதுலேருந்து தேய்ச்சுக்கிட்டே அந்தத் தண்ணியப் பத்தித்தான் பேச்சு. காலைல ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம், இன்னொரு தடவை பாத்துட்டா போதும்னு. அதனால பசங்க இவ பேர்ல பதிவு பண்ணி அனுப்பிட்டாங்க. பதில் போன வாரம் வந்துச்சு. கடைக்கு வர தபாலெல்லாம் நான்தான் பிரிப்பேன். பிரிச்சேன். பதிவை ஏத்துக்க முடியாது, இவர் பெயர் எங்கள் கப்பல்களில் ஏறக்கூடாதவர்கள் பட்டியலில் உள்ளதுன்னு போட்டிருந்துச்சு. யார்கிட்டயும் காட்டல. சோப்புத்தூள் டின்னுக்கு அடில வெச்சிருக்கேன். பசங்க தினம் வந்து டிக்கெட் வந்துச்சாம்மா, டிக்கெட் வந்துச்சாம்மான்னு கேக்கறாங்க. வந்துடும், வந்துடும்ங்கறேன்.

அதனால நீங்க மனசு வெச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பேரை மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும். வயசானவ. நாலு வருஷம் ஆச்சு. ஆளே பாதியாயிட்டா.

முடியாதா? சும்மா எடுக்க முடியாதா? என்ன நடந்துச்சுன்னு எழுதித் தரணுமா? உங்ககிட்டதான் ரிப்போர்ட் இருக்குமே மேடம். ஓ, இருக்கா. அப்ப நான் வேற எதுக்குச் சொல்லிக்கிட்டு... சரி, சொல்றேன்.

பத்து வருஷமா நல்லாத் துவைக்கறோம்னு உங்க கம்பெனியே எங்களுக்கு ரெண்டு பேர் போக ஏழு நாள் பயணம் குடுத்தாங்க. அப்ப எங்க ஒப்பந்தம் புதுப்பிக்கற நேரம் வேற. நானும் எங்க வீட்டுக்காரரும் போறதா இருந்துச்சு. கிளம்பற அன்னிக்குப் பாத்து பாய்லர் மண்டையப் போட்டுடுச்சு. அவர் அதைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டார். தனியாப் போகாத, மடிப்பக்காவக் கூட்டிட்டுப் போன்னார். கூட்டிட்டுப் போனேன். தெருவே பேசுச்சு. பாரு, முதலாளியம்மா வேலைக்காரியக் கப்பல்ல கூட்டிட்டுப் போறா, எப்பேர்ப்பட்ட மனசுன்னு. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போச்சு, இல்லன்னு சொல்லல. ரூமுக்குள்ள போனதும் பெருசா ஒரு வாக்குக் குடுத்தேன். இந்த ஏழு நாளும் நீ இஸ்திரிப் பெட்டியக் கையால தொடக்கூடாது, இது என் உத்தரவுன்னேன். அவ சிரிச்சா. சரிம்மான்னா. அப்புறம் மேல் தளத்துல போய் ஒரு நாற்காலியப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவதான். ஒரு வேலையும் செய்யாம அவ உக்காந்து நான் பாத்ததே இல்ல.

கடைசி நாள் சாயங்காலம் கேப்டனோட விருந்து. நீல சில்க் டிரஸ்ஸை எடுத்தா கசங்கி, எண்ணெய்ல பொரிச்ச அப்பளம் மாதிரி இருக்கு. கப்பல்லயே தேச்சுக் குடுப்பாங்கதான். ஆனா ஊரு துணியெல்லாம் வெளுக்கற வீட்டுத் துணிய இன்னொருத்தன்கிட்ட தேய்க்கக் குடுக்கறதா? அது எங்களுக்கு மானப்பிரச்சினை மேடம். சிரிக்காதீங்க. அதுக்குத்தான் ஊர்லேருந்தே ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு வந்தது. ரூம்ல அதெல்லாம் போடக்கூடாதுன்னு தெரியும். என் பெட்டில இடமில்லன்னு அவ பைக்குள்ள வெச்சது. பை சோதிக்கற மிஷின்ல எப்படித் தப்பிச்சுதோ, முடி காய வைக்கறதுன்னு நெனச்சு விட்டிருப்பாங்க.

அப்புறம் என்ன, கட்டில் மேல துண்டை விரிச்சு தேச்சதுல அயர்ன் பாக்ஸ் ஆன்லயே இருந்துடுச்சு. அவ்ளோதான். இருந்துடுச்சு. ரூம் பூராப் புகை. மணி அடிச்சு, அந்தத் தளத்துல இருந்தவங்க அத்தனை பேரும் மிதக்கற சட்டையப் போட்டுக்கிட்டு வெளில நின்னாங்க. படில ஓடி வந்த ஒரு தாத்தா விழுந்து கை உடைஞ்சுபோச்சு. நெருப்புப் புடிக்கல, ஆனா மெத்தை கருகிடுச்சு. கருகின பெட்ஷீட்டு ஓரத்துல பச்சை முடிச்சு அப்படியே இருந்துச்சு. நாங்க துவைச்ச பெட்ஷீட்டு.

யார் வெச்சதுன்னா... ரிப்போர்ட்லதான் இருக்கே மேடம். பை அவளோடது. அவளே ஒத்துக்கிட்டா. கையெழுத்துப் போட்டா. மறுநாள் காலைல கப்பல் கரைக்கு வந்துடுச்சு, நாங்க வீட்டுக்கு வந்துட்டோம்.

என்ன பாக்கறீங்க? அந்த ஸ்கிரீனை இப்படித் திருப்புங்களேன். ஆமா, அவதான். அன்னிக்கு எடுத்த போட்டோதான் இது. கடவுளே. பாருங்க, எப்படிச் சிரிக்கறா. தலைய நல்லா வாரியிருக்கா பாத்தீங்களா? என் சீப்புதான்.

கீழ என்ன எழுதியிருக்கு? படிங்க. மொழிபெயர்த்தவர், உடன் வந்தவர்.

ம்.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

நான்தான் மேடம் அது. அன்னிக்கு விசாரிச்ச கப்பல் ஆபீஸருக்கு நம்ம பாஷை தெரியாது. இவளுக்கு அவர் பேசறது தெரியாது. நடுவுல நான் ஒருத்தி, நாலு எழுத்துப் படிச்சவ. சின்ன ரூம். ஒரு மேஜை, அது மேல பிளாஸ்டிக் கவர்ல எங்க அயர்ன் பாக்ஸ். ஆபீஸர் என்னப் பாத்து, யார் உபயோகிச்சது, அவங்களக் கேட்டுச் சொல்லுங்கன்னார். நான் கேட்டேன். கேட்டேன் மேடம், அதை மாத்தல. இவ எழுந்து நின்னா. உக்காருன்னாலும் உக்காரல. என்ன சொன்னா தெரியுமா? அம்மா மேல கோவப்படாதீங்க சார்னா. கப்பல்ல இருக்கற வரைக்கும் நீ இஸ்திரி தொடக்கூடாதுன்னு அம்மா பாசமாச் சொல்லிட்டாங்க, நானும் மேல போய்த் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன், அவங்களுக்குத் தேச்சுப் பழக்கமில்ல, நான் பக்கத்துல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னா. அவ்ளோ நேரம் அவ பேசி நான் கேட்டதே இல்ல.

ஆபீஸர் பேனாவப் புடிச்சுக்கிட்டு என்னப் பாக்கறார். என்ன சொல்றாங்க?

நான்தான் தேச்சேன், மன்னிச்சுடுங்கன்னு சொல்றாங்கன்னேன்.

இவ்ளோதான் சொன்னேன். ஒரு வரி. ஒப்பந்தம் போயிடுமேன்னு பயம். எங்க வீட்டுக்காரர் முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. கேப்டன் விருந்தும் வந்துச்சு, இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது. அப்புறம் இன்னொண்ணும் நெனச்சேன். இவ இனிமே கப்பல்ல எங்க போகப்போறா, தடை போட்டா இவளுக்கென்ன நஷ்டம்? அப்படியே நெனச்சேன் மேடம். வார்த்தை மாறாம.

அன்னிக்கு நான் தேச்சுக்கிட்டு இருந்தப்ப பக்கத்து ரூம் அம்மா கதவத் தட்டி, மேல தலை அலங்காரம் பண்றாங்க, சீக்கிரம் வாங்கன்னா. நான் பாதி தேச்ச டிரஸ் மேல அயர்ன் பாக்ஸை வெச்சுட்டு ஓடினேன். நிமித்திக்கூட வெக்கல. பிளக்கையும் புடுங்கல. சலவைக் கடைக்காரி. வெளில சொன்னா சிரிப்பாங்க.

விருந்துக்கா? போனேன். வேற டிரஸ்ல போனேன். அவள ரூம விட்டு வெளில விடக்கூடாதுன்னு வேற ரூமுக்கு மாத்தி வாசல்ல ஒரு காவல்காரரை நிக்க வெச்சாங்க. பாதுகாப்புக்கு நிக்கறார்னு சொல்லிட்டு நான் கிளம்பிட்டேன். திரும்பி வந்து பாத்தா, சாப்பாட்டுத் தட்டுல இருந்த கேக்கப் பாதி வெட்டி அவருக்குக் குடுத்திருக்கா. பாவம்மா, நின்னுக்கிட்டே இருக்கார், எனக்குத் தெரியாதா நின்னா கால் எப்படி வலிக்கும்னு என்கிட்ட சொல்றா. நான் விளக்க அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.

நாலு வருஷமா அவ தேய்க்கற ரூம் பக்கம் அதிகம் போறதில்ல. சூட்டு வாசனை ஆகலன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். சம்பளம் கூட்டினேன், மருந்து வாங்கிக் குடுத்தேன். எல்லாத்துக்கும் அவ கையெடுத்துக் கும்பிடறா மேடம். அதுதான் தாங்கல. திட்டினாத் தேவலை.

தெரியும். எழுதிக் குடுத்தா என் பேரு அதுல ஏறும். ஏறட்டும். அதுக்குத்தானே காலைலேருந்து கீழ உக்காந்திருந்தேன். முதல்ல பரிதாபமாப் பேசிப் பாப்போம், நடந்தா சத்தமில்லாமப் போயிடலாம்னு ஒரு நப்பாசை. ஒப்பந்தமா? அதையும் மேல அனுப்புவீங்களா. சரி. எங்க வீட்டுக்காரருக்கு நான் இங்க வந்ததே தெரியாது. பல் டாக்டர்கிட்ட போறேன்னு கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். போய்ச் சொல்லிக்கறேன். சொல்லித்தான் ஆகணும்.

குடுங்க, எங்க எழுதணும்? இந்தக் கோடு போட்ட எடத்துலயா? நம்ம பாஷைலயே எழுதலாமா? நல்லதாப் போச்சு, இனிமே நடுவுல ஒருத்தர் வேணாம். இந்தப் பேனா எழுதல மேடம். ம், இது எழுதுது. உபயோகித்தது நான். பொய்யாக மொழிபெயர்த்ததும் நான். போதுமா? தேதி இன்னிக்குப் போட்டா சரிதானே.

வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமா? நாளைக்கேவா? அப்பாடா.

என் போட்டோவா? எடுத்துக்கோங்க. இங்கயே பாக்கணுமா? இல்ல, தலை வார வேணாம். அப்படியே எடுங்க.

மேடம், ஒரே ஒரு உதவி. அவ பேரை அழிக்கறதுக்கு முன்னாடி, அந்தப் போட்டோவ ஒரு காப்பி எடுத்துத் தர முடியுமா? கலர்ல இருந்தா நல்லாருக்கும். நாலு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கா. கப்பல்ல அந்த ஆபீஸர் என்னைய ஒரு போட்டோ எடுத்தாரே, அது இன்னும் வரலியாம்மான்னு. வரும், வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். தடை போட்டதே அவளுக்குத் தெரியாது மேடம். கப்பல்ல வந்தவங்களுக்கு ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க, நல்லாச் சிரின்னு நான்தான் சொன்னேன்.