ரிப்பன் கட்டிய தீயணைப்பு வண்டி

"ரிப்பன் கட்டின வண்டிய எடுக்கக் கூடாதாம்க்கா."

மங்கலம்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண் சொன்னாள். அவள் மடியில் புகை படிந்த பீங்கான் பொம்மைகள்.

"எந்த வண்டிய?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"புது ஃபயர் வண்டிதான். அடுத்த தெருவுலதான் ஸ்டேஷன். நேத்து எங்க பொம்ம ஷெட்டு பத்தி எரியுது, அமைச்சர் வந்து தொறந்து வச்சாதான் வண்டிய எடுப்பாங்களாம். திட்டக்குடியிலேர்ந்து பழைய வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் போச்சு."

"அடப்பாவிங்களா."

"இன்னும் கேளுங்க. விழாவுல ஒரு கொட்டாய் போட்டு, கொளுத்தி, அணைச்சுக் காட்டப் போறாங்களாம். பொம்மைக்கு சுத்துற வைக்கோல் மிச்சமிருந்தா குடுங்கன்னு இன்னைக்குக் காலையில எங்கிட்டயே வந்து நிக்கிறாங்க."