கல்லில் வெட்ட வேண்டிய பெயர்

ஐந்தாம் வகுப்பு தாண்டாமலே சொந்தமாக லாரிகள் வாங்கியவன் நான். காரிமங்கலம் சந்தைக்கு மட்டும் இன்றும் பஸ்தான். முன் சீட்டில் ஒரு பெரியவர், அவர் மருமகள், அவர்கள் பக்கத்தில் உயிர்விட்ட பட்டாளத்துக்காரர்களுக்கு நினைவுத்தூண் வரைந்து கட்டுகிற ஆர்க்கிடெக்ட்.

“எம் பையன் பேர மட்டும் கல்லுல வெட்டாதீங்க சார்,” என்றார் பெரியவர்.

“செத்துட்டாருன்னு பட்டாளத்துலயே சொல்லிட்டாங்களேங்க.”

“பனியில பொதைஞ்சவன் பொணத்த யாரு பாத்தா? பேரு கல்லுல ஏறுனா, இவ தாலிய எறக்கச் சொல்லுவாங்க.”

“சரிங்க, கடைசியில எடம் விட்டு வெக்கறேன்.”

ஜன்னல் பக்கம் பார்த்திருந்த மருமகள் திரும்பினாள்.

“வெட்டிடுங்க சார். பூவும் பொட்டுமா இருக்கறவ வூட்டுல அழுவக்கூடாதுன்னு, மாட்டுக் கொட்டாயில போயி அழுவறேன். அந்தக் கல்லுக்கிட்டயாவது வாய்விட்டு அழுதுக்கறேன், மாமா.”