மூன்றாவது அடி

கண்ணாடி உடைகிறது. முன்பக்கக் கண்ணாடி. சத்தம் பெரிதில்லை. அப்பளம் நொறுங்குகிற அளவுதான். மடியில் சில்லு கொட்டுகிறது. மதியம் ஒன்று நாற்பது. கைபேசியில் அப்போதுதான் மணி பார்த்திருந்தேன். இடம் ஹெப்பகோடி. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்து.

"மாமா, இறங்காதீங்க."

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி லூர்து கத்துகிறான். லூர்து என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. கிருஷ்ணகிரிப் பக்கம். சின்ன யானை வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருந்தான். வாரத்தில் மூன்று நாள் கொத்தமல்லி ஏற்றிக்கொண்டு பெங்களூர் வருவான். நான் இங்கேயே, நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். அன்று காவிரி வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்கே கம்பெனியை மூடி எங்களை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. சரக்கை இறக்காமலேயே லூர்து என்னை ஏற்றிக்கொள்ள வந்தான். அவனாக வரவில்லை. நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன்.

வண்டி தமிழ்நாட்டு நம்பர். இப்படிப்பட்ட நாளில் என்ன செய்வது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நம்பர் பிளேட்டில் நான் சேற்றைப் பூசினேன். அந்தச் சந்திலேயே டீக்கடை வைத்திருக்கும் மஞ்சுளம்மா ஒரு கன்னடக் கொடியைக் கொடுத்தார். லூர்து அதை வண்டி முன்னால் கட்டினான். அவசரத்தில் கட்டினான். சிவப்பு மேலே, மஞ்சள் கீழே. மஞ்சள்தான் மேலே வர வேண்டும். இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடியே இல்லாமல் போயிருந்தால்கூட விட்டிருப்பார்களோ என்னவோ. கொடியைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போனோம். வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

பதினைந்து பேர் இருக்கும். எல்லார் கையிலும் கம்பு.

"இளி கெளகே! இளி!"

இறங்கு என்கிறார்கள். இறங்குகிறோம். தார்ப்பாயைக் கிழித்துக் கொத்தமல்லிக் கட்டுகளை ரோட்டில் வீசுகிறார்கள். மிதிக்கிறார்கள். தெருவே ரசம் வைத்த வீடு மாதிரி மணக்கிறது. நான் கன்னடத்தில் பேச ஆரம்பித்தேன். என் கன்னடத்தில் யாரும் குறை கண்டதில்லை. நான் உள்ளூர்க்காரன், வழியில் லிஃப்ட் கேட்டு ஏறினேன், இவன் யாரென்றே தெரியாது என்றேன். அந்த அளவுக்குக் கன்னடம் லூர்துவுக்கும் புரியும்.

நீலச் சட்டை போட்ட ஒருவன் முன்னால் வந்தான். என் வயதுதான்.

"நம்மவனாதரெ அவன்ன ஹொடி!"

நம்ம ஆளாக இருந்தால் அவனை அடி என்கிறான்.

அடித்தேன். இடது கன்னத்தில். முதல் அடி அவனைக் காப்பாற்ற. நான் அடித்தால் அவர்கள் அடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தது நடந்தது. ஓங்கிய கம்புகளைத் தாழ்த்தினார்கள். இரண்டாவது அடி, முதல் அடி பொய்யாகத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில். இது வரைக்கும் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது அடியை யாரும் கேட்கவில்லை.

நான்கு. ஐந்து. ஈரத்துணியைத் துவைகல்லில் அடிக்கிற சத்தம். லூர்து கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு. ஏழு. மேலே எண்ணவில்லை. உடம்பு லேசாக இருந்தது. நன்றாக இருந்தது. எப்படி எழுதிப் பார்த்தாலும் அந்த வார்த்தைதான் வருகிறது. நன்றாக இருந்தது.

"சாக்கு, பிடப்பா! சத்தோக்தானெ!"

போதும் விடு, செத்துப்போவான் என்று கத்தியது நீலச் சட்டைக்காரன். என் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தவனும் அவன்தான். அடிக்கச் சொன்னவன். அவன் முகத்தில் பயம் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் பயந்தான்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு வண்டி எரிகிறது. டயர்கள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. மஞ்சுளம்மா ஷட்டரைப் பாதி தூக்கி, "ஒளகே பன்னி!" என்று உள்ளே கூப்பிடுகிறார். உள்ளே போனோம். லூர்துவின் கன்னத்தில் ஐஸ் வைத்தார். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தான். ஆறு மணிக்குப் போலீஸ் வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

வீட்டில் ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். லூர்துதான் முதலில் பேசினான்.

"கும்பலா வந்து அடிச்சிட்டாங்கக்கா. மாமா இல்லன்னா நான் இல்ல."

ஸ்டெல்லா என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் டிவியில் பேசினார்கள். மனிதனுக்குள் மிருகம் இருக்கிறது என்று ஒருவர். இல்லை, கும்பல்தான் மனிதனைக் கெடுக்கிறது என்று இன்னொருவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஆத்திரமே இல்லை. லூர்து மீது எனக்கு என்ன கோபம்? அவன் பெண்ணுக்கு ஞானத்தகப்பன் நான். வீட்டில் பல்லி வந்தால் துரத்த ஆள் தேடுகிறவன் என்று ஸ்டெல்லா என்னைக் கிண்டல் செய்வாள். நாற்பத்தாறு வருடம் அந்த மிருகம் என்னோடு ஒரே உடம்பில் குடியிருந்து, ஒரு தடவைகூட இருமாமல் இருந்ததா? அல்லது அந்தச் சந்தில் தொற்றிக்கொண்டதா? தொற்றியது என்றால், கும்பல் கலைந்ததும் என்னைவிட்டும் போயிருக்க வேண்டும். போய்விட்டது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. லேத் ஓடும்போது கையைப் பார்க்கிறேன். சாதாரணக் கைதான்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உயிரைக் காக்கச் செய்தது, கலங்காதே என்றார் சாமியார். அவரிடம் நான் இரண்டு அடியைத்தான் சொல்லியிருந்தேன்.

ஸ்டெல்லாவிடம் எதையும் சொல்லவில்லை. இதை அவள் படிப்பாள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போனவை இவை. வண்டி ஒன்று. கொத்தமல்லி நானூறு கட்டு. லூர்துவின் இடது காது. செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். விரிந்த உள்ளங்கை வேகமாகப் பட்டால் இப்படிக் கிழியும் என்றும் சொன்னார். கும்பலின் கையில் இருந்தது கம்பு. இரண்டு தடவை வைத்தியம் பார்த்தும் அந்தக் காது கேட்கவில்லை. அதற்குப் பிறகு லூர்து பெங்களூருக்கு வரவில்லை. ஊரில் யாருக்கோ டிராக்டர் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்யும்போது நான் எடுத்தால், "அக்காகிட்ட குடுங்க" என்கிறான். அவ்வளவுதான் பேச்சு.

உயிர்ச்சேதம் இல்லை. போலீஸ் எழுதிய பட்டியலில் காயம்பட்டவர்கள் இரண்டு பேர். முதல் பெயர் லூர்து. இரண்டாவது பெயர் என்னுடையது. காயம் என்ற இடத்தில், வலது மணிக்கட்டு வீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள்.