குறையை நடுவில் வையுங்கள்

இந்த அறையின் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது. கேட்பதற்கு முன்பே தண்ணீரும் வைத்திருக்கிறீர்கள். இரண்டு நிறைகளையும் முதலில் சொல்லிவிட்டேன். இனி ஒரு குறை. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறீர்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அமைதி தாங்காது, தானாகவே வாயைத் திறப்பார். மற்றபடி உங்கள் குரல் நிதானமானது. இந்த உத்தியோகத்தில் அது எல்லோருக்கும் வாய்க்காது.

நிறை, குறை, மறுபடி நிறை. என் வேலையே அதுதான். பிள்ளையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், வருகிறேன். ஆனால் வேலையைப் பற்றிச் சொல்லாமல் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, கணினி முன்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். சல்லிக்காசு வாங்குவதில்லை. அந்த வகுப்புகளின் பதிவுகளைப் போட்டுப் பார்த்து, அவர்களைக் கூப்பிட்டு, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்வது நான். சும்மா வந்து உழைப்பவரிடம் குறை சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் மறுநாள் ஆளைப் பார்க்க முடியாது. சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் கணக்கு எடுக்கிறார். வந்த புதிதில், "காலைல சாப்பிட்டப்புறம் ரெண்டு கணக்கு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கணக்கு" என்று பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதாத குறையாகப் பேசுவார். பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். நான் அவரைக் கூப்பிட்டு, "சார், உங்க எழுத்து தெளிவா இருக்கு. கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிடறீங்க, கொஞ்சம் காத்திருங்க. உங்களுக்கு இருக்கற பொறுமை யாருக்கும் வராது" என்றேன். அவருக்குப் பொறுமை என்பதே கிடையாது. நான் சொன்ன பிறகுதான் வந்தது. இப்போது அவரிடம் படிக்கும் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்கிறார்கள்.

பிளாட்பாரம் என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற வேலை அவளுக்கு. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, பாடத்தையும் அதே ராகத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பிள்ளைகள் அடுத்த வண்டியில் ஏறிப் போகாததுதான் பாக்கி. அவளிடமும் அதையேதான் சொன்னேன். கேள்வி கேள். அப்புறம் வாயை மூடு. பிள்ளையின் மைக் திறந்தே இருக்கட்டும். அமைதியைக் கண்டு பயப்படாதே, அதற்குள்தான் பிள்ளை இருக்கிறது.

"இதை யாருமே எனக்குச் சொன்னதில்லை மேடம்" என்றாள். அழுதுவிட்டாள் என்று நினைக்கிறேன். சில மாதங்களில் எங்கள் குழுவிலேயே நல்ல ஆசிரியை அவள்தான் என்று ஆனது. அவளைச் செதுக்கியது நான். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, மறைப்பதற்கில்லை.

அதனால்தான் என் தம்பி மகளுக்கு அவளைப் போட்டேன்.

பிள்ளை என்னோடு இருந்தது அப்போது குழுவில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் ஆயிரம் காகிதம் கேட்பார்கள். அதற்காகப் படிப்பை நிறுத்த முடியுமா? வேறு ஒரு பெயரில், மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சேர்வதாகப் பதிந்தேன். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை, தூரத்துச் சொந்தக்காரர் வளர்க்கிறார் என்று குறிப்பு. எங்கள் வீடு ஏழாவது மாடியில். பின்னறையில் கணினியை வைத்துக் கொடுத்து, கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். வகுப்பு நேரத்தில் கவனம் சிதறக்கூடாது. வகுப்பு இல்லாத நேரத்திலும் போட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு ஒழுங்கு பழக நாள் பிடிக்கும்.

பிள்ளையை அதன் அப்பாவும் அம்மாவும் வாலு என்று கூப்பிடுவார்கள். நான் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் சில வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. பதிவுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லும், தலையைக் குனிந்துகொள்ளும். பிளாட்பாரம் அவசரப்படுத்தவே மாட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு ஒரு வகுப்பில், 'ஆனால்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். சாதாரணப் பயிற்சி. பிள்ளை யோசித்தது. பிளாட்பாரம் காத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் 'மழை பெய்தது, ஆனால் நான் நனையவில்லை' என்று தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். இவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அம்மா செத்துட்டாங்கன்னு அத்தை சொல்றாங்க" என்றது பிள்ளை. "ஆனால் நான் பாத்தப்ப அம்மா கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாங்க."

பதிவை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டேன். வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. பிளாட்பாரமும் மெதுவாக, "ரொம்ப நல்லாச் சொன்னேடா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு உறுத்தியது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். "உன் குரல்ல எவ்ளோ கனிவு வந்திருக்கு தெரியுமா" என்று ஆரம்பித்தேன். "ஒண்ணே ஒண்ணு. இந்தப் பிள்ளைகிட்ட ரொம்ப நேரம் காத்திருக்காதே. கஷ்டப்பட்ட பிள்ளை, அமைதியா இருந்தா எங்கெங்கேயோ போயிடும். சொந்தமா வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டாம், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லு. வீட்டு விஷயம் பேச்செடுக்காதே. மைக்கை மூடி வெச்சுட்டு, பதிலைத் தட்டச்சு பண்ணச் சொல்லு. மத்தபடி அருமை."

நான் சொன்ன ஒவ்வொன்றும் சரியான யோசனைதான். எந்த அனுபவசாலியிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவள் சரி என்றாள். அப்படியே செய்தாள். பிள்ளை கோடிட்ட இடங்களை நிரப்பியது. நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தட்டச்சு செய்யும், ஒரு பிழையும் விடவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த மாதிரிக் கையெழுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. வகுப்பு முடிந்ததும் மூடின கணினி முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அடுத்த அழைப்பில் பிளாட்பாரத்தின் குரலில் ஏதோ மாறியிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? காத்திருன்னு சொன்னதும் நீங்கதான். இப்ப காத்திருக்காதேன்னு சொல்றதும் நீங்கதான். இது எல்லாருக்குமா, இந்தப் பிள்ளைக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்" என்றேன்.

"மருந்துக்கடை சார்கிட்ட நேத்துப் பேசினேன். அவருக்கு இன்னும் காத்திருங்கன்னுதான் சொல்றீங்களாம்."

ஆசிரியர்கள் தங்களுக்குள் இப்படி ஒப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. என் முறையில் இருந்த ஒரே ஓட்டை அதுதான். ஆளுக்கு ஏற்ற மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. மைக் திறந்திருந்த நாட்களில் பின்னால் ஒரு பாட்டுச் சத்தம் கேட்குமாம். லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் வருகிற பாட்டு மாதிரி இருக்குமாம், கடைசியில் மட்டும் இழுத்து இழுத்து. மலைப்பக்கத்துச் சிற்றூரில் லிஃப்ட் ஏது என்று கேட்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டிருக்கிறதாம்.

அப்போதும் நான் கோபப்படவில்லை. அவளைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டேன். "நீ நாள் பூரா ஒலிபெருக்கி பக்கத்துல உக்காந்திருக்கே. காதுக்குள்ள ஏதாவது பாடிக்கிட்டேதான் இருக்கும். போன வாரம் ஒரு வகுப்பைக்கூட மறந்துட்டே இல்ல? உனக்கு ஓய்வு வேணும்மா" என்றேன். அவள் வகுப்பை மறக்கவில்லை. வகுப்பு நேரத்தை மாற்றியது நான், தகவலை அனுப்பாமல் விட்டதும் நான். அவள் ஏதோ தாளைப் புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா மேடம், எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல" என்றாள். தேம்பினாள். வேறு ஆசிரியரை ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, இதுவரை நீ செய்ததற்கு நன்றி என்று முடித்தேன். நிறையில்தான் முடித்தேன்.

அத்தோடு போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். விலகுவதற்கு முன் கடைசியாக ஒரு கருத்து மட்டும் சொல்லுங்கள் என்றாள். கருத்துக் கேட்கிறவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. கூடத்தில் நின்றபடி பேசினேன்.

"நான் நல்லா வரணும்னா என்ன பண்ணணும் மேடம்?" என்று கேட்டாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள். நான் சொன்னேன். அவள் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சொன்னேன். அவள் பேசவில்லை. நான் கற்றுக்கொடுத்தபடியே, அச்சுப் பிசகாமல் காத்திருந்தாள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. அவள் பொறுமையைப் பற்றி, குரலைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்னென்னவோ பேசினேன். வாசலுக்கு வெளியே லிஃப்ட் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல் கதவைப் பாதியில் விட்டுப் போனார். பாட்டு ஆரம்பித்தது. ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினேன். அதற்குள் கடைசி அடியை அது இழுத்து முடித்துவிட்டது.

"லிஃப்ட் கதவை யாரோ மூடாம விட்டுட்டாங்க போல மேடம்" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "வெச்சிடறேன்."

சாயங்காலம் நீங்கள் போலீஸ் ஜீப்பில் வந்தீர்கள். தாழ்ப்பாளை நீங்கள் திறந்தபோது பிள்ளை ஓடி வரவில்லை, கவனித்தீர்களா? எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அந்த ஒழுங்கு என்னிடம் வந்ததுதான்.

பிள்ளையின் அம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், உயிரோடுதான் இருக்கிறாள். மூன்று பேரும் போன வண்டி விபத்துக்குள்ளானதில் என் தம்பி அங்கேயே போய்விட்டான். பிள்ளைக்குச் சிராய்ப்புகூட இல்லை. தம்பி மனைவிக்குத் தலையில் அடி, வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தாள். அவளுக்கும் சரி எங்களுக்கும் சரி, பெரிய சொந்தபந்தம் கிடையாது. எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். பிள்ளையை ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது என் தப்பு. அன்றைக்கென்று பார்த்துக் கண்ணைத் திறந்தாள்.

அவளை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். பிள்ளையை அவள் வளர்த்த விதத்தைத்தான் பிடிக்கவில்லை. நேரத்துக்குப் படுக்கை கிடையாது, பாடம் கிடையாது, எந்நேரமும் இரண்டு பேரும் தரையில் உருண்டு சிரிப்பு. நான் முறையாகத்தான் சொன்னேன். "நீ பிள்ளைகிட்ட ரொம்பப் பாசமா இருக்கே. கொஞ்சம் கண்டிப்பு வேணும். சமையல் அருமை." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, எனக்கு எத்தனை மார்க்? வாலு, ஓடி வா, உங்க அத்தை அம்மாவைப் பாஸ் பண்ணிட்டாங்க" என்றாள். பிள்ளையும் சேர்ந்து சிரித்தது. என் தம்பியும் சிரித்தான். இத்தனை வருஷத்தில் என் கருத்தைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரே ஆள் அவள்தான். எனக்கு அது வலித்தது.

அவளுக்கு முழு நினைவு திரும்பியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, வாலு எங்கே?" என்பது. நான் காத்திருந்தேன். அவளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு சொன்னேன். ரெண்டு பேரும் போயிட்டாங்கம்மா, காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சு. அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

இப்போது கைத்தடி வைத்து நடக்கிறாள் என்கிறீர்கள். தினமும் ஒரு முறையாவது பிள்ளையின் சின்னச் செருப்பைத் துடைத்து வைக்கிறாளாம். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவளுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்லப் போகிறீர்கள் என்றால், ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காதீர்கள். முதலில் நிறையைச் சொல்லுங்கள். பிள்ளை பின்னக் கணக்கெல்லாம் போடுகிறது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளை சாகவில்லை என்பதை நடுவில் வையுங்கள். முடிக்கும்போது மறுபடி ஒரு நிறை வேண்டும். இத்தனை நாளும் பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்று சொல்லுங்கள், இந்தத் தடவையாவது அவள் சிரிக்கமாட்டாள்.