கேட்கத் தெரியாதவர்கள்

அலுவலகக் காபி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டிலிருந்து தேநீர் கொண்டுபோவது வழக்கம். இந்த விசாரணை அறையில் நீங்கள் கொடுத்த காபியை நான் தொடாததற்கு அதுதான் காரணம். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். வக்கீல்கள் எழுதும் விண்ணப்பங்களைப் பல வருடம் படித்தவன் நான். அவர்களில் ஒருவர் என் சார்பில் பேசுவதை உட்கார்ந்து கேட்க என்னால் ஆகாது.

விமானம் தரையிறங்குவதற்கு முன்பே எங்கள் எல்லைத் துறையின் கணினி பயணிகளின் பெயர்களைச் சலித்துச் சிலரைக் குறித்துக் கொடுக்கும். அப்படிக் குறிக்கப்பட்டுக் கைதானவர்கள் யார், ஏன், எங்கே என்று யார் வேண்டுமானாலும் ஆவணம் கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. டெட்ராய்ட்டில் அந்த விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும். பத்திரிகைக்காரர்கள், சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், பொழுது போகாத ஓய்வூதியக்காரர்கள். 'எல்லா ஆவணங்களும் உடனே வேண்டும்' என்று எழுதுவார்கள். எல்லா என்றால் எவை என்று யோசித்திருக்கவே மாட்டார்கள். கேட்கத் தெரியாதவனுக்குக் கொடுப்பது கொடுக்கிறவனுக்கும் இழுக்கு.

பக்கத்து மேசை மர்லீன் ஒருமுறை சொன்னாள்: "கஞ்சன்கூட செத்தா பணத்த விட்டுட்டுப் போவான், வீக்ஸ். நீ ஃபைல சவப்பெட்டியிலயும் கூடவே வெக்கச் சொல்லுவ."

பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இல்ஹாம் என்ற பெண்ணின் விண்ணப்பம் குளிர்காலத்தில் வந்தது. டியர்பார்னில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருடைய அப்பா முக்பில், வயதானவர், ஏமன்காரர். இங்கே நிரந்தரமாக வசிக்க கிரீன் கார்டு வைத்திருந்தார். கெய்ரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியவரைக் கணினி குறித்தது. விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு முக்பிலுக்கு விரித்த வலை என்று பிறகு தெரிந்தது. அது என் பிரிவு அல்ல. மகள் இனிப்புப் பெட்டியோடு வருகை வாசலில் நின்றிருக்கிறார். எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 'ஆவணம் கேட்டு விண்ணப்பம் போடுங்கள்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

போட்டார். 'சுங்கப் போலீஸ் கைது செய்த என் அப்பா' என்று ஆரம்பித்தது. அவருக்குச் சுரப்பி நோய், தினமும் மாத்திரை போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து, மாத்திரைப் பையை விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். மாத்திரையின் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.

நான் கோப்பைத் திறந்தேன். முக்பில் பக்கத்து மாநிலத்தில் ஒரு மாவட்டச் சிறையில் இருந்தார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை கோப்பு என் பெயரில் பூட்டப்படும். வேறு யாரும் திறக்க முடியாது. விதி அது. நான் எழுதியதல்ல.

பதில் அனுப்பினேன்: சுங்கப் போலீஸ் என்ற பெயரில் எங்களிடம் பிரிவு எதுவும் இல்லை, எனவே ஆவணமும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அவர் திருத்தி மறுபடி அனுப்பினார். இந்த முறை துறையின் பெயர் சரியாக இருந்தது, கைதானவரின் சம்மதக் கையெழுத்து இல்லை. அதையும் எழுதினேன். அன்றே தொலைபேசியில் வந்தார். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம். பேருந்தை ஓரங்கட்டியிருந்தார் போல.

"சார், அவர் எங்க இருக்காருன்னே தெரியலையே. கையெழுத்த எங்க போய் வாங்கறது?"

"அது விண்ணப்பதாரரோட பொறுப்பும்மா."

"அவர் கையெழுத்துப் போட்டாத்தான் அவர் எங்க இருக்காருன்னு சொல்லுவீங்க. எங்க இருக்காருன்னு சொன்னாத்தான் நான் கையெழுத்து வாங்க முடியும். இது என்ன சார் நியாயம்?"

"நல்லா விளங்கிக்கிட்டீங்க," என்றேன். கேலி இல்லை. பெரும்பாலோர் அவ்வளவு தூரம்கூட வரமாட்டார்கள்.

"சார், உயிரோட இருக்காரா? அத மட்டும் சொல்லுங்க. பாக்கிய நான் பாத்துக்கறேன்."

கோப்பின்படி அவர் உயிரோடு இருந்தார். ஆனால் எங்களிடம் ஆவணம்தான் கேட்கலாம். கேள்விக்கு விடை கேட்க முடியாது. அதைச் சொன்னேன். அவர் அழுதார். அழுகைக்கு எங்களிடம் படிவம் இல்லை.

மறுநாள் அந்தச் சிறையின் நர்ஸ் அழைத்தார், ஓடெட் ப்ரிக்ஸ். எங்கெங்கோ சுற்றி, கோப்பு என்னிடம் பூட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். சத்தம் போட்டுப் பேசுகிற பெண்.

"கிழவனார் ரெண்டு நாளா வாந்தி எடுக்கறாரு. இப்ப பேச்சும் கொழறுது, அரபியிலகூட. டாக்டர் ஃப்ளூங்கறாரு, எனக்கு அப்படித் தோணல. ஏர்போர்ட்ல விசாரிச்சப்ப மருந்து என்னன்னு எழுதியிருப்பாங்கல்ல? அத மட்டும் படிங்க."

"எழுத்துல கேளுங்க. உங்க துறைத் தலைவர் மூலமா."

"எழுத்துல கேட்டு நீங்க பதில் போடறதுக்குள்ள ஆளு போயிருவாருங்க. ஒரு பேரு. ஒரே ஒரு பேரு. வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

இப்படிக் கேட்கிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? அவசரம் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எழுத்தில் கேளுங்கள் என்று மறுபடி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் முக்பில் இறந்துபோனார்.

உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. நர்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது மருந்தின் பெயர் என் திரையில்தான் இருந்தது. விமான நிலைய அதிகாரி சரியான எழுத்தில் குறித்து, 'நிறுத்தக் கூடாது' என்றும் சேர்த்திருந்தார். மகளின் கடிதமும் பக்கத்தில் இருந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதல் நாளே படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது என் பழக்கமில்லை. சொன்னால் பிழைப்பார், சொல்லாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தொலைபேசியை வைத்தேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

மகள் கற்றுக்கொண்டார். வசந்தத்தில் அவரிடமிருந்து மூன்றாவது விண்ணப்பம் வந்தது. இறந்தவருக்குச் சம்மதக் கையெழுத்து தேவையில்லை என்ற விதியை அவரே மேற்கோள் காட்டியிருந்தார். இறப்புச் சான்றிதழை இணைத்திருந்தார். தேதிகள் சரி, பிரிவுகள் சரி. கோப்பைத் திறந்தவர்கள், பூட்டியவர்கள் பெயரும், அது குறித்து வந்த அழைப்புகளின் பதிவும் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு பிழை இல்லை. என் இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு விண்ணப்பம் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே பதில் அனுப்பினேன். ஒரு வரியையும் மை பூசி மறைக்கவில்லை, என் பெயர் வந்த இடங்களில்கூட. அதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். மர்லீன்கூட, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாள். ஒழுங்காகக் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான்.

கிடைத்தது, நன்றி என்று ஒரு வரி எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். இன்னும் வரவில்லை.